கன்ட்ரோல் குப்பி மஞ்சளாகவில்லை

போன மாதம் தீபா போன் செய்தாள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது என் நாற்காலியில் உட்காருகிறவள் அவள்.

"அண்ணா, புது மெஷின் வந்துடுச்சு. குப்பிய உள்ள வெச்சா அதுவே பாத்து, பாஸா ஃபெயிலான்னு சீட்டு அடிச்சுக் குடுத்துடுது. ரிஜிஸ்டர்ல 'பார்த்தது'ன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அது இனிமே எதுக்குன்னு புதுசா வந்தவங்க கேக்கறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க எழுதித் தாங்க."

எழுதுகிறேன் என்றேன். ஓய்வு பெற்றவன் எழுதும் கட்டுரை என்றதும் வெள்ளை முடியும் கைத்தடியும் உங்களுக்குத் தோன்றும். எனக்கு வயது முப்பத்தெட்டு. தலைமுடி இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது என்று என் மனைவி கிரேஸ் சொல்கிறாள். அவள் பொய் சொல்ல மாட்டாள். இந்த வயதில் ஏன் ஓய்வு என்பது கடைசியில் வரும்.

என் பிரிவின் பெயர் சி.எஸ்.எஸ்.டி. ஆப்பரேஷனுக்குப் பயன்படுத்திய கத்தி, கத்தரி, இடுக்கிகளைக் கழுவி, துணியில் கட்டி, கொதிநீராவியில் கிருமி நீக்கித் திருப்பி அனுப்புகிற இடம். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும். நோயாளிகள் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரியில பாத்திரம் கழுவறேன்" என்பேன். முதல் வருடம் வெட்கத்தோடு சொன்னேன். பிறகு வந்த வருடங்களில் அதையே பெருமையாகச் சொன்னேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ஈஜிபுராவில் சிமென்ட் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை செய்தார். அம்மா காக்ஸ் டவுனில் நான்கு வீடுகளில் வேலை செய்தார். இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. அப்பா எந்தத் தாளை நீட்டினாலும் கைநாட்டு வைப்பார். ஒருமுறை வீட்டுமனை எழுதித் தருவதாகச் சொல்லி ஒருவர் தாள் கொண்டுவந்தார். அப்பா நன்றி சொல்லி விரலை மையில் தொட்டு வைத்தார். எங்களுக்கு வரவேண்டிய மனையை நாங்களே விட்டுக்கொடுத்ததாக அந்தத் தாளில் எழுதியிருந்தது பிற்பாடு தெரிந்தது. அன்றிலிருந்து அப்பா அந்த விரலை அடிக்கடி பார்த்துக்கொள்வார். யாரையும் திட்டியதில்லை. விரலை மட்டும் பார்ப்பார்.

பன்னிரண்டாவது முடித்து, ஆப்பரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் டிப்ளமோ இரண்டு வருடம் படித்தேன். எங்கள் சர்ச் சபையில் ஒருவர் சொல்லி, இந்த ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வேலையைக் கற்றுக்கொண்டது எலிசபெத் சிஸ்டரிடம்.

சிஸ்டர் எங்கள் பிரிவின் பொறுப்பாளர். காக்ஸ் டவுன்காரர். குரலை உயர்த்திப் பேசியதை நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைப்பார். துடைக்கிற நேரம் நீள நீள நாங்கள் அவரவர் செய்த வேலையை மறுபடி சரிபார்ப்போம். சாதாரண நாளில் நான் சாலமோன். தவறு செய்த நாளில் மிஸ்டர் சாலமோன்.

காலையில் ஷிப்ட் தொடங்கும்போது எல்லோரும் மெஷினைச் சுற்றி நிற்போம். சிஸ்டர் ஒரு வரி ஜெபம் செய்வார். "ஆண்டவரே, இன்னைக்கு எங்க கை பட்டது யாருக்கும் கேடு ஆகக் கூடாது." அவ்வளவுதான். ஆமென் சொல்லி முடிப்பதற்குள் அவர் கையுறை மாட்டியிருப்பார். மெஷின் ஓட்டுகிற முனிராஜு சபைக்குப் போகிறவர் இல்லை, எல்லம்மனைக் கும்பிடுகிறவர். அவரும் கண் மூடி நிற்பார். ஒருநாள் சிஸ்டர் வர ஐந்து நிமிடம் தாமதமானபோது, "ஜெபம் ஆகாம நான் சுவிட்ச் போட மாட்டேம்பா, அப்புறம் ஏதானா ஆச்சுன்னா எங்க எல்லம்மாவும் கேப்பா உங்க சாமியும் கேக்கும்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

கருவிகளை முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலச வேண்டும். வெந்நீர் ஊற்றினால் ரத்தம் உறைந்து இடுக்கில் பிடித்துக்கொள்ளும். பிறகு மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, கத்தரியின் ஆணி முதல் இடுக்கியின் பல் வரை சின்ன பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். காற்றடித்து உலர்த்தி, பூதக்கண்ணாடி விளக்கின் கீழே ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். இரட்டைத் துணியில் கட்டி, உள்ளே ஒரு நிறம் மாறும் காகிதமும் வெளியே நிறம் மாறும் டேப்பும் வைத்து மெஷினில் ஏற்றுவோம். நீராவி பட்டால் டேப்பில் கறுப்புக் கோடுகள் தோன்றும்.

ஆனால் டேப் கறுப்பானால் நீராவி பட்டது என்றுதான் பொருள். கிருமி செத்ததா என்பதை டேப் சொல்லாது. அதற்குத்தான் குப்பி. விரல் நீளத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பி. அதற்குள் சூட்டுக்குச் சுலபத்தில் சாகாத கிருமியின் விதைகளும் ஊதா நிறத்தில் ஒரு திரவமும் தனித்தனியாக இருக்கும். கருவிகளோடு சேர்த்துக் குப்பியையும் மெஷினில் வைத்து எடுத்து, உள்ளே இருக்கும் கண்ணாடியை அழுத்தி உடைத்தால் இரண்டும் கலக்கும். பிறகு அதை இன்குபேட்டர் என்ற சூட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். கிருமி பிழைத்திருந்தால் அந்த இளஞ்சூட்டில் வளர்ந்து திரவத்தை மஞ்சளாக்கிவிடும். செத்திருந்தால் ஊதா ஊதாவாகவே இருக்கும். அன்றைக்கு எங்களிடம் இருந்த குப்பிகளுக்கு முழுதாக இரண்டு நாள் ஆகும்.

கூடவே இன்னொரு குப்பி உண்டு. மெஷினுக்குள் போகாத, கிருமி உயிரோடு இருக்கிற குப்பி. அதன் பெயர் கன்ட்ரோல். அது கட்டாயம் மஞ்சளாக வேண்டும். அது மஞ்சளானால்தான் பெட்டி வேலை செய்கிறது, குப்பியில் உயிர் இருக்கிறது, சோதனை சோதனைதான் என்று பொருள்.

இதையெல்லாம் எழுதுகிற ரிஜிஸ்டரில் சிஸ்டர் தன் கையால் கோடு போட்டுச் சேர்த்த ஒரு கட்டம் இருந்தது. தலைப்பு, 'பார்த்தது.' அதில் ஓகே என்று எழுதக் கூடாது. பாஸ் என்று எழுதக் கூடாது. டிக் போட்டால் மிஸ்டர் ஆகிவிடுவோம். கண்ணால் கண்ட நிறத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "ஓகேன்னா அது உன் நெனப்பு. ஊதான்னா அது நீ பாத்தது. எனக்கு நெனப்பு வேணாம்" என்பார்.

எனக்கு அந்தக் கட்டம் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் முதல்முதலாக ஒருவன், தன் கண்ணால் பார்த்ததற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறான் என்று தோன்றும்.

சேர்ந்து இரண்டு வருடம் ஆகிற சமயம். வேலை நிரந்தரம் ஆகும் கன்ஃபர்மேஷன் தாள் ஆபீசுக்குப் போயிருந்தது. நிரந்தரமானால் அப்பாவை மூட்டை தூக்க விடாமல் வீட்டில் உட்கார வைத்துவிடலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அவருக்கு அப்போதே முதுகு வளைந்துவிட்டது.

அந்த வாரம் பொம்மனஹள்ளியிலிருந்து கஸ்தூரி அம்மா என்று ஒருவர் சேர்ந்திருந்தார். கார்மென்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து வேலையை விட்டவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உலோக மூட்டு வைக்க வேண்டும். அதற்கான டாக்டர் வெளியிலிருந்து வருகிறவர், மறுநாள் வெளிநாடு கிளம்புகிறார். மூட்டு வைக்கும் கருவிகள் ஒரே ஒரு செட், முந்தைய நாட்களில் நாங்கள் மெஷினில் ஏற்றி எடுத்துப் பூட்டி வைத்திருந்தோம். உடம்புக்குள்ளேயே தங்கப்போகிற பொருள் என்றால் குப்பியின் முடிவு தெரியாமல் பிரிவை விட்டு வெளியே போகக் கூடாது. இது சிஸ்டர் எழுதிவைத்து ஆஸ்பத்திரி ஒப்புக்கொண்ட விதி.

அன்று காலை இன்குபேட்டரைத் திறந்தேன். கருவிகளோடு மெஷினுக்குள் போய் வந்த லோடு குப்பியைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல ஊதா. மனது நிறைந்துவிட்டது. அப்படியே போனை எடுத்து தியேட்டருக்கு, "செட் ரெடி, அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டேன். எங்கள் வேலையில் இருப்பவர்கள் மட்டுமே செய்கிற தவறு இது. ஊதாவைப் பார்த்ததும் கண் நிறைந்து போய்விடும், பக்கத்துக் குப்பியைப் பார்க்கத் தோன்றாது.

ரிஜிஸ்டரை எடுத்து, 'லோடு: ஊதா' என்று எழுதினேன். அடுத்தது 'கன்ட்ரோல்:' என்று எழுதிவிட்டு, மஞ்சள் என்று பழக்கத்தில் ம எழுதப் போன கை நின்றது. இன்னும் பார்க்கவில்லையே. எடுத்துப் பார்த்தேன்.

அதுவும் ஊதா.

ஜன்னலோரம் கொண்டுபோனேன். ஊதாதான். பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே விரலை வைத்தேன், சில்லென்று இருந்தது. விளக்கு மட்டும் எரிகிறது, சூடு இல்லை. எத்தனை மணி நேரமாக என்று தெரியாது. குளிரில் எந்தக் கிருமியும் வளராது. அப்படியானால் லோடு குப்பியின் ஊதாவுக்கும் ஒரு பொருளும் இல்லை. கருவிகள் சுத்தமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

மறுபடி போனை எடுத்து, "செட் ரெடி இல்ல, தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். அதற்குள் கஸ்தூரி அம்மாவைத் தியேட்டர் வாசலில் படுக்க வைத்திருந்தார்கள்.

பத்து நிமிடத்தில் எலும்பு டாக்டரும் நிர்வாக அதிகாரி தேவதாஸ் சாரும் அடித்தளத்துக்கே இறங்கி வந்தார்கள். அந்த டாக்டரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"டேப் கறுப்பு. உள்ள பேப்பர் மாறியிருக்கு. மெஷின் கிராஃப் சரியா இருக்கு. இன்னும் என்ன?" என்றார் டாக்டர்.

சிஸ்டர் கன்ட்ரோல் குப்பியை எடுத்து அவர் முன்னால் நீட்டினார். "டாக்டர், இது என்ன கலர்?"

"பர்ப்பிள்."

"என்னவா இருக்கணும்?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

தேவதாஸ் சார் என்னைத் தனியே, துணி மடிக்கும் மேஜைப் பக்கம் அழைத்துப் போனார். அவரை நான் மதித்தவன். சபையில் மூப்பர். அவருடைய ஜெபத்தில் எத்தனையோ முறை நான் கண் கலங்கியிருக்கிறேன்.

"தம்பி, அந்த அம்மா மூணு நாளா வலியில கெடக்கறாங்க. டாக்டர் போயிட்டார்னா வேற டாக்டர் எப்ப கிடைப்பாரோ. நீ சைன் போடு, செட் போகட்டும்."

"சார், கன்ட்ரோல் மஞ்சளாகல."

"நூத்துக்கு நூறு சுத்தமாத்தான் இருக்கும். உனக்கே தெரியும்."

"நெனைக்கறேன் சார். தெரியாது."

அவர் என் தோளில் கை வைத்தார். "உனக்கு விசுவாசம் இல்லையா சாலமோன்? கர்த்தர் ஆளுகை செய்யறார்னு நம்பறவன்தானே நீ? அவர் கையில விட்டுட்டு கையெழுத்துப் போடு. அவர் பாத்துப்பார்." அதே குரலில், "உன் கன்ஃபர்மேஷன் பேப்பர் என் டேபிள்லதான் இருக்கு. ஞாபகம் வெச்சுக்கோ" என்றார்.

ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, இன்றைக்கும் சொல்கிறேன். ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்துக் கேட்டபோதுதான் எனக்கு ஒன்று தெளிந்தது. கர்த்தர் கையில் விடு என்கிறார், சரி. எதை விடுவது? கருவி சுத்தமா இல்லையா என்று பார்க்கிற வேலையை அவர் என் கையில் கொடுத்திருக்கிறார். அதைத் திருப்பி அவர் தலையில் போடுவது விசுவாசம் ஆகாது. என் கன்ஃபர்மேஷன் தாள் என் கையில் இல்லை. என் அப்பாவின் முதுகு என் கையில் இல்லை. அவர் கையில் விட வேண்டியவை அவைதான்.

அப்படி அழகாக நான் அவரிடம் சொல்லவில்லை.  திரும்பிப் போய் ரிஜிஸ்டரில் எழுதினேன். 'லோடு: ஊதா. கன்ட்ரோல்: ஊதா. பெட்டி சூடு இல்லை.' கீழே கையெழுத்துப் போட்டேன். பிறகு ரிஜிஸ்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"நான் பாத்தத எழுதிட்டேன் சார். இதுக்குக் கீழ நீங்க எழுதி சைன் போட்டா செட்ட எடுத்துட்டுப் போலாம். நான் தடுக்க முடியாது."

தேவதாஸ் சார் பேனாவைத் திறந்தார். நான் எழுதியதைப் படித்தார். டாக்டரைப் பார்த்தார். டாக்டர், "என்ன ஏன் பாக்கறீங்க? என் வேலை ஆப்பரேஷன்" என்றார். பேனாவின் முனை தாளுக்குச் சற்று மேலேயே நின்றது. பிறகு மூடியைப் போட்டு சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன், ஒரு வார்த்தை எனக்காகச் சொல்வார் என்று. அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. மூக்கில் சரியாகப் பொருத்திக்கொண்டு, "பேஷண்டுக்கு யார் சொல்றது? ரெடின்னு சொன்னது நீதானே சாலமோன்" என்றார்.

மாடி ஏறிப் போனேன். வாசலில் கஸ்தூரி அம்மாவின் மகன் சட்டையைப் பிடிக்காத குறையாக வந்தார். "நீதானா அது? எங்கம்மா பச்சத் தண்ணி குடிக்காம கெடக்கறா. ரெடின்ற, இல்லன்ற, வெளையாடறியா?"

"தப்பு என்னுதுதான் அண்ணா. பாக்காமச் சொல்லிட்டேன்" என்றேன். பிறகு படுக்கைப் பக்கம் குனிந்து, குப்பியைப் பற்றி எனக்குத் தெரிந்த வார்த்தைகளில் அந்த அம்மாவிடம் சொன்னேன். வலியில் அவர் உதடு வெளுத்திருந்தது. முழுதும் கேட்டார்.

"டேய், அந்தப் பையன விடு" என்றார் மகனிடம். என்னிடம் திரும்பி, "எங்க லைன்ல மெஷின் ஊசி ஒடைஞ்சா என்ன பண்ணுவோம் தெரியுமா? எல்லாத் துண்டும் கெடைக்கணும். பொறுக்கி எடுத்து பேப்பர்ல ஒட்டி, ஊசி முழுசா சேருதான்னு பாத்தாத்தான் புது ஊசி. ஒரு துண்டு கெடைக்கலன்னா அந்தக் கட்டு வெளிய போவாது. மேனேஜர் வந்து குதிப்பான். குதிச்சுட்டுப் போன்னு வுட்டுருவேன். கொழந்த போடற கவுன்ல துண்டு மாட்டியிருந்தா யார் ஜவாபு?" என்றார். மூச்சு வாங்கியது. "உன் துண்டு கெடைக்கலன்ற. அவ்ளோதானே. போய்த் தேடு கண்ணு. மொதல்ல எனக்கு ஒரு டீ சொல்லு."

நான் சொல்லப் போனது ஒரு பாதிதான், மறுபாதியை அவர் சொல்லி முடித்தார். கீழே இறங்கும்போது படிக்கட்டில் நின்று அழுதேன். பயத்தில் அடக்கிவைத்திருந்தது எல்லாம் வந்தது.

வேறு ஆஸ்பத்திரியிலிருந்து இன்குபேட்டர் இரவல் வாங்கினோம். அதே செட்டை, அதே மெஷினில், புதுக் குப்பியோடு மறுபடி ஏற்றினோம். அந்தக் குப்பி, ஒரு புதுக் கன்ட்ரோல், பழைய லோடு குப்பி, பழைய கன்ட்ரோல் எல்லாவற்றையும் சேர்த்துச் சூட்டில் வைத்தோம். இரண்டு நாள் கழித்து இரண்டு கன்ட்ரோலும் பளிச்சென்று மஞ்சள். புது லோடு ஊதா. பழைய லோடும் ஊதா.

அதாவது, முதலிலிருந்தே கருவிகள் சுத்தமாகத்தான் இருந்திருக்கின்றன. கோளாறு பெட்டியில் மட்டும். தேவதாஸ் சார் சொன்னதுபோல நூற்றுக்கு நூறு. வேறு டாக்டர் வந்து கஸ்தூரி அம்மாவுக்கு மூட்டு வைத்தார். இரண்டு நாள் வலியை நான் அவருக்குக் கூடுதலாகக் கொடுத்தேன் என்று யாராவது சொன்னால் மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

என் கன்ஃபர்மேஷன் தாள் கையெழுத்து ஆகாமல் திரும்பி வந்தது. என்னைச் சலவைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஏழு மாதம். போர்வை, தலையணை உறை, நோயாளி அங்கி. அப்பா அந்த ஏழு மாதமும் மூட்டை தூக்கினார். விஷயத்தைச் சொன்ன அன்று அவர், "பாக்காததுக்கு நீ கை வெக்கல இல்ல?" என்று மட்டும் கேட்டார். இல்லப்பா என்றேன். தன் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

சலவைப் பிரிவில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதினால் அது பார்த்ததை எழுதுவது ஆகாது. கர்த்தரோடு சண்டை போட்டேன். உமக்காகத்தானே நின்றேன், அந்தப் பழைய குப்பியில் ஒரு துளி மஞ்சளாவது காட்டியிருக்கலாமே, நான் செய்தது சரி என்று எல்லோருக்கும் தெரிந்திருக்குமே என்று ஒரு நாள் போர்வை உதறிக்கொண்டே முணுமுணுத்தேன். முணுமுணுத்த வாய் அப்படியே நின்றது. நான் என்ன கேட்கிறேன்? அந்தக் கருவிகளில் கிருமி இருந்திருக்க வேண்டும் என்று கேட்கிறேன். நான் ஜெயிப்பதற்காக ஒரு மனுஷியின் எலும்புக்குப் பக்கத்தில் நோய் இருந்திருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

போர்வையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் சரி என்று நிரூபிக்க அவர் கடமைப்பட்டவர் இல்லை. அவர் அந்தக் கருவிகளைச் சுத்தமாக வைத்திருந்தார், அந்த அம்மாவுக்காக. என்னைச் சலவையில் வைத்திருந்தார், அது எதற்கு என்று எனக்குச் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் அவர் அதிகாரி, நான் வேலைக்காரன். அதற்குப் பிறகு போர்வைகளை நன்றாக உதறினேன்.

ஏழு மாதம் கழித்து எனக்குப் பதிலாக வந்தவர் வேறு வேலை கிடைத்துப் போனார். சிஸ்டர் என்னைத் திரும்பக் கேட்டார். கன்ஃபர்மேஷன் தாளில் தேவதாஸ் சாரே கையெழுத்துப் போட்டு என் கையில் கொடுத்தார். "உன் மேல எனக்குக் கோபம் இல்ல தம்பி. ஆனா அன்னைக்கு நீ பண்ணது அதிகம்னுதான் இன்னும் நெனைக்கறேன்" என்றார். சரிங்க சார் என்றேன். அவர் நினைத்ததைச் சொன்னார். அதனால் அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

அதன்பிறகு பத்து வருடத்துக்கு மேல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்பா மூட்டை தூக்குவதை நிறுத்தினார். சிஸ்டர் ஓய்வு பெற்றபோது ரிஜிஸ்டரை என்னிடம் கொடுத்தார், வேறு எந்தச் சொற்பொழிவும் இல்லாமல். அத்தனை வருடத்தில் பார்க்காத ஒரு நிறத்தை நான் எழுதியதில்லை. இதைத் தலை நிமிர்ந்து சொல்கிறேன்.

இனி அந்தக் கடைசிக் காரியம். இரண்டு வருடத்துக்கு முன் வெயிலில் கண் கூச ஆரம்பித்தது. ஓசூர் ரோட்டு சிக்னலில் வண்டியை நிறுத்தினால் மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று இடத்தை வைத்துத்தான் போனேன். கண் டாக்டரிடம் போனபோது, கண்ணின் உள்திரையில் நிறம் பிரிக்கிற பகுதி தேய்ந்துகொண்டு வருகிறது, கண்ணாடியாலும் ஆப்பரேஷனாலும் சரியாகாது, மெதுவாகத்தான் போகும் என்றார். நிறத்தைப் படிப்பதுதான் என் பிழைப்பு. அவரிடம் அதை நான் சொல்லவில்லை.

சில மாதம் சமாளித்தேன். தினமும் காலையில் கன்ட்ரோலை முதலில் எடுத்துப் பார்ப்பேன். மஞ்சளாகத்தான் இருக்கும் என்று தெரிந்தே பார்த்து, அதை என் கண்ணுக்கே ஒரு சோதனையாக வைத்திருந்தேன். ஒரு காலை எடுத்துப் பார்த்தேன். இரண்டு கையிலும் இரண்டு குப்பி. இரண்டும் ஒரே சாம்பல்.

"தீபா, கன்ட்ரோல் என்ன கலர்?"

"மஞ்சள் அண்ணா. ஏன்?"

"நல்லாப் பாரு."

"எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கு. என்னண்ணா ஆச்சு?"

சொன்னேன். முனிராஜுவும் வந்து நின்றார்.  அவர்தான் முதலில், "இதுக்குப் போய் பேஜார் ஆவாதே சாலமோன். பொண்ணு பாத்துச் சொல்லட்டும், நீ எழுதி சைன் போடு. யாருக்குத் தெரியப் போவுது? நானும் காதுல கம்மி, மெஷின் சத்தத்த காலால கேட்டுக்கினு ஓட்டல?" என்றார்.

"ஆமாண்ணா" என்றாள் தீபா. "அம்பத்தெட்டு வரைக்கும் நான் சொல்றேன். உங்களுக்கு வீடு இருக்கு, அப்பா அம்மா இருக்காங்க."

அன்றைக்கு என்னை மிரட்டியவர் யாரும் இல்லை. என்மேல் பிரியம் உள்ள இரண்டு பேர்தான் நின்றார்கள். தேவதாஸ் சார் முன்னால் நின்றதைவிட இது கடினமாக இருந்தது. அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது, இழக்க ஒரு தாள்தான் இருந்தது. இப்போது கிரேஸ் ஈஜிபுராவில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள், அந்தச் சம்பளம் மட்டும் போதுமா என்று எனக்குத் தெரியாது. நிறமே தெரியாத ஒருவனுக்குக் கர்த்தர் என்ன வேலை வைத்திருக்கிறார் என்றும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். கன்ட்ரோல் மஞ்சளாகாவிட்டால் சோதனை செல்லாது. இந்த முறை மஞ்சளாகாதது என் கண்.

ரிஜிஸ்டரைத் திறந்தேன். 'பார்த்தது' கட்டத்தில் எழுதினேன். 'லோடு, கன்ட்ரோல் இரண்டும்: என்னால் நிறம் சொல்ல முடியவில்லை. சாலமோன்.' பேனாவை தீபாவிடம் கொடுத்தேன். அவள் அழுதுகொண்டே கீழ் வரியில், 'லோடு: ஊதா. கன்ட்ரோல்: மஞ்சள். தீபா' என்று எழுதினாள். நான் மாடி ஏறி ஆபீசில் என் கடிதத்தைக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்தில் நிறத்தைத் தானே படிக்கிற மெஷின் வந்துவிட்டது. கொஞ்சம் பொறுத்திருந்தால் வேலை நிலைத்திருக்குமே என்று சபையில் ஒருவர் கேட்டார். இருந்திருக்கலாம். அந்த ஒரு வருடம் முழுதும் தினமும் நான் பொய் எழுதியிருப்பேன்.

தீபா, புதிதாக வந்தவர்களுக்கு இதைப் படித்துக் காட்டு. மெஷின் சீட்டு அடிக்கட்டும், நல்ல மெஷின்தான். கட்டத்தை மட்டும் எடுக்காதே. சீட்டில் பாஸ் என்று வந்தால், 'பாஸ் என்று சீட்டில் பார்த்தேன்' என்று அவர்கள் எழுதட்டும். கன்ட்ரோல் சீட்டையும் கையில் எடுத்துப் பார்த்த பிறகு எழுதட்டும்.

கடிதம் கொடுத்த அன்று மாலையே எலிசபெத் சிஸ்டருக்குப் போன் செய்து சொன்னேன். கண் டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு, "கட்டத்துல என்ன எழுதின?" என்றார். எழுதியதை அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் துணி உரசுகிற மெல்லிய சத்தம் கேட்டது. கண்ணாடியைத் துடைக்கிறார் என்று பயந்தேன்.

"மிஸ்டர் சாலமோன்" என்றார், கோபமே இல்லாத குரலில். "நான் கேட்டது அவ்வளவுதான்."